அந்தமான் ஹனிமூன் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்: நீலகிரித் தம்பதியருக்கு ஓர் எச்சரிக்கை

திருமணம் முடிந்த கையோடு அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ பாலிக்கோ தேனிலவு செல்வதற்காக, ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள ஏஜென்ட்டுகளிடம் பேக்கேஜ் பேசிக்கொண்டிருக்கும் தம்பதியரும், அவர்களுக்காகப் பணம் கட்டப்போகும் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் அந்தமானில் ஏமாற்றப்பட்டோம். சொன்ன அறை கிடைக்கவில்லை. சொன்ன கப்பல் கிடைக்கவில்லை. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி எங்கே போனது என்று இன்றுவரை யாரும் கணக்குச் சொல்லவில்லை. அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்போம். ஆனால் என் கணவரின் இடது காதுச் செவிப்பறை கடலுக்கு அடியில் கிழிந்தது. தண்ணீருக்குள் இறங்கும் நேரத்தில் எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு யாருமே பதில் சொல்ல வேண்டியிராத வகையில் அந்தப் பேக்கேஜ் விற்கப்பட்டிருந்ததுதான் அதற்குக் காரணம்.

ஊட்டியில் உள்ள அந்த ஏஜென்ட்டை உறவினர் ஒருவர் மூலமாக என் மாமனார் தேர்ந்தெடுத்தார். விமானக் கட்டணம் நீங்கலாக எழுபதாயிரத்தை ஒட்டிய தொகை பேசப்பட்டது. கடல் பார்த்த அறை, தீவுகளுக்கிடையே சொகுசுக் கப்பல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவு உணவு, ஸ்கூபா டைவிங் (காற்றுக் குடுவையோடு கடலுக்கு அடியில் இறங்குவது) இலவசம் என்று வண்ணத்தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அல்லாமல் ஒரு தனிநபரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டபோது ஜிஎஸ்டி எண் இல்லாத, தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று மட்டும் போட்ட ஒரு தாள் கிடைத்தது. தங்கப்போகும் விடுதியின் பெயர் அந்தத் தாளில் இல்லை. ‘த்ரீ ஸ்டார் அல்லது அதற்கு இணையானது’ என்று இருந்தது. ஸ்கூபா நடத்தப்போவது யார் என்பதும் இல்லை.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மலையில் உள்ள ஏஜென்ட் எதையும் தானே பதிவு செய்வதில்லை. சென்னையிலோ கோவையிலோ உள்ள மொத்த வியாபாரியிடம் நம் பெயரைக் கொடுக்கிறார். அவர் போர்ட் பிளேரில் உள்ள ஓர் ஆளிடம் கைமாற்றுகிறார். அந்த ஆள் விடுதிக்காரர், வண்டிக்காரர், படகுக்காரர், டைவிங் கடைக்காரர் என்று பிரித்துக் கொடுக்கிறார். ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கு கழிகிறது. கடைசியில் நம்மைக் கடலுக்குள் அழைத்துச் செல்லும் இளைஞரின் கைக்கு வந்து சேரும் தொகை மிகச் சிறியது என்பதால், ஒரே நாளில் முடிந்தவரை அதிகம் பேரை இறக்கி ஏற்றினால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். ‘இலவசம்’ என்று தாளில் போட்டிருந்த ஸ்கூபாவின் விலை அங்கேதான் வசூலிக்கப்படுகிறது.

போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) விமான நிலையத்தில் எங்களை அழைத்துச் செல்ல வந்த ஓட்டுநரிடம் எங்கள் பெயர் எழுதிய துண்டுச்சீட்டைத் தவிர வேறு எந்த விவரமும் இல்லை. ஹேவ்லாக் தீவுக்கு, அதாவது 2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட இடத்துக்கு, எங்கள் பெயரில் கப்பல் சீட்டு எடுக்கப்படவே இல்லை என்பது துறைமுகத்தில் தெரியவந்தது. கைப்பணத்தைக் கொடுத்து அடுத்த கப்பலில் ஏறினோம். ஹேவ்லாக்கில் கொடுக்கப்பட்ட அறை கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் பின்புறம் இருந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதன் வென்டிலேட்டரில் கண்ணாடி கழன்று போயிருந்தது. அந்த வென்டிலேட்டர் வேலையாட்கள் நடமாடும் வராந்தாவைப் பார்த்து இருந்தது. புதிதாகத் திருமணமான பெண்கள் இதைப் பேசக் கூச்சப்பட்டு ஒரு துண்டைத் தொங்கவிட்டுச் சமாளித்துவிடுகிறார்கள். நான் வரவேற்பு மேசைக்குப் போய் அறையை மாற்றும் வரை பெட்டியைத் திறக்க மறுத்துவிட்டேன். தனிமையில் இருக்கும் ஒரு பெண்ணை அவர் அறியாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று சொன்ன பிறகுதான் வேறு அறை கிடைத்தது. விடுதி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாள், வென்டிலேட்டர், கண்ணாடியின் பின்பக்கம், புகை உணரி, படுக்கையைப் பார்த்திருக்கும் மின்செருகி ஆகியவற்றைப் பார்த்துவிட்டே அறையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் எலிஃபன்ட் கடற்கரைக்குப் படகு. எனக்குத் தரப்பட்ட உயிர்காப்பு அங்கியில் மூன்று கொக்கிகளில் இரண்டு உடைந்திருந்தன. உடைந்த இடத்தில் நீல நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருந்த எண்ணின் மேல் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. இதைப் பார்த்ததும் எனக்கு 2014 ஜனவரி 26-ஆம் தேதி நினைவுக்கு வந்தது. அன்று போர்ட் பிளேருக்கு அருகே சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குடும்பத்தோடு சென்றவர்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதுதான் அந்தப் படகின் மீது எழுந்த முதல் குற்றச்சாட்டு. நம் ஊர்க்காரர்கள் அவ்வளவு பேரைப் பறிகொடுத்த கடலில், கயிறு கட்டிய அங்கியைக் கொடுத்து ‘ஒன்னும் ஆகாது’ என்று சொல்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வேறு அங்கி கேட்டேன். இருக்கைக்கு அடியிலிருந்து நல்ல அங்கி வந்தது. கேட்டவருக்கு மட்டும் நல்ல அங்கி என்பது எந்த வகை நியாயம்?

ஸ்கூபாவுக்கு வருகிறேன். என் கணவருக்குத் திருமண அலைச்சலிலும் கோத்தகிரிப் பனியிலும் பிடித்த சளி அப்போதும் விடவில்லை; பேசும்போதே மூக்கடைப்பு தெரியும். டைவிங் கடையில் ஆங்கிலத்தில் அச்சான ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, இப்போது சளி இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள் இருந்தன. எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருந்தது. என் தாளையும் அவர் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் டிக்குகள் ஒரே சாய்வில், ஒரே இடத்தில் வால் நீண்டு இருந்தன. யாரோ ஒருவர் ஒரு முறை போட்ட டிக்குகளோடு சேர்த்து ஜெராக்ஸ் எடுக்கப்பட்ட தாள் அது. உயிரைக் காப்பதற்காக உலகம் முழுவதும் டைவிங் கடைகளில் கேட்கப்படும் கேள்விகளுக்கு, வாடிக்கையாளர் கடைக்குள் வருவதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருந்தார்கள்.

என் கணவர் தமக்குச் சளி இருக்கிறது என்று அந்தப் பயிற்றுநரிடம் தெளிவாகச் சொன்னார். அந்த இளைஞர் தமிழர்தான். “அண்ணே, சளி எல்லாருக்கும்தான் இருக்கு. இந்த மாத்திரையைப் போடுங்க, கால் மணி நேரத்துல மூக்கு திறந்துடும். கீழ போய் மூக்கைப் பிடிச்சு ஊதுங்க, போதும்” என்று சொல்லி ஒரு மாத்திரையைக் கொடுத்தார். அந்த மாத்திரையின் ஆபத்து, அதன் வேகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே குறைந்துவிடலாம் என்பது. அப்போது நடுக்காதில் அடைபட்ட காற்று மேலே வரும் வழியில் விரிந்து, வெளியேற இடமில்லாமல் வலியையும் தலைச்சுற்றலையும் உண்டாக்கும். சளி இருக்கும்போது டைவிங் செய்யக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதைத் தெரியாமல் ஒருவர் பயிற்றுநராக இருக்க முடியாது. தெரிந்தும் இறக்கினார் என்பதுதான் என் புகார்.

மலையில் வாழும் நமக்குக் காது அடைப்பது புதிதல்ல. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது கொண்டைஊசி வளைவுகளில் காது அடைத்துக்கொள்வதும், எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துகொள்வதும் குழந்தைகளுக்குக்கூடப் பழக்கம். அந்த முழு இறக்கத்திலும் ஏற்படும் காற்றழுத்த மாற்றம், தண்ணீருக்குள் இரண்டு மீட்டர் ஆழம் இறங்கும்போது ஏற்படும் மாற்றத்தைவிடக் குறைவு. மலைப்பாதையில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல நடப்பது, கடலில் சில வினாடிகளில் நடந்துவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில், கடல் மட்டத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். சளியால் அடைபட்ட காதின் அழுத்தத்தை ஒவ்வோர் அடிக்கும் சமன் செய்யாமல் இறங்கினால், சில மீட்டர்களிலேயே செவிப்பறை கிழியக்கூடும். கிழிந்த துளை வழியாகக் குளிர்ந்த நீர் உள்ளே போனால் கடுமையாகத் தலை சுற்றும். மேல் எது கீழ் எது என்றே தெரியாது. நீருக்கடியில் அந்த நிலை வந்து, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் சேதமடைய வாய்ப்புண்டு. ஸ்கூபாவில் மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்ற விதி அதற்காகத்தான். அந்த விதியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கரையில் நடந்த பயிற்சி, குழாயைக் கடித்து மூச்சு விடக் காட்டியதோடு முடிந்தது. ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்று தாளில் இருந்தது. கடலில் எங்கள் இருவருக்கும் ஒருவரே வந்தார். கைச்சைகைகளில் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்கு விரல்களை வட்டமாக்க வேண்டும் என்பதையும், கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போக வேண்டும்’ என்று பொருள் என்பதையும், கோளாறு என்றால் உள்ளங்கையை இருபுறமும் ஆட்டிவிட்டு வலிக்கும் இடத்தைக் காட்ட வேண்டும் என்பதையும் ஊர் திரும்பிய பிறகு நானாகப் படித்தேன். என் கணவர் தம் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பயிற்றுநர் அவரைத் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பி, கேமரா வைத்திருந்த ஆளைப் பார்க்கச் சைகை செய்தார். புகைப்படம் எடுத்த பிறகே மேலே கொண்டுவந்தார்கள். முகக்கவசத்தைக் கழற்றியபோது அதன் உள்ளே ரத்தம் கலந்த சளி தேங்கியிருந்தது. அவரால் படகில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

அந்தச் சூழ்நிலையில் எங்களுக்கு நன்மை செய்தவர் போர்ட் பிளேரில் நாங்கள் பார்த்த மருத்துவர் ஒருவரே. செவிப்பறையில் துளை விழுந்திருப்பதைச் சொல்லி, தண்ணீர் படக்கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பெரும்பாலும் தானே ஆறிவிடும், ஆனால் காது மூக்கு தொண்டை மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி, பேக்கேஜ் விற்ற யாரும் கேட்காதது: “எத்தனை மணிக்கு டைவ் பண்ணினீங்க? ஃப்ளைட் எப்போ?”

இதை மலைவாசிகள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைந்து தங்குகிறது. அது மெல்ல வெளியேறும் முன் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் ரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழிகள் உண்டாகலாம். எனவே ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேற்பட்ட டைவ்கள் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை. விமானத்தின் உள்ளே நிலவும் அழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும். கோத்தகிரியின் உயரம் ஏறத்தாழ 1,790 மீட்டர், ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அதாவது நம் வீட்டுக்குப் போவதே விமானத்தில் பறப்பதற்குச் சமம். எனவே பாண்டிச்சேரியிலோ ராமேசுவரத்திலோ டைவ் செய்துவிட்டு விமானமே ஏறாமல் காரில் திரும்பும் ஊட்டிக்காரருக்கும், மலை ஏறும் முன் அந்தக் காத்திருப்பு தேவை. கடைசி நாளில் டைவிங்கை வைக்கும் எந்தப் பயணத் திட்டத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏஜென்ட்டைத் தொலைபேசியில் அழைத்தபோது, “அது அங்க உள்ள லோக்கல் ஆளுங்க பண்ணினது மேடம், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை” என்றார். போர்ட் பிளேர் ஆளைக் கேட்டால், டைவிங் கடையைக் கேட்கச் சொன்னார். டைவிங் கடையில், நீங்கள்தான் சளி இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று அந்த ஜெராக்ஸ் தாளையே எடுத்துக் காட்டினார்கள்.

நீச்சல் தெரியாமல் கடலுக்குப் போவது நம் மலையில் மிகச் சாதாரணம். தண்ணீரின் குளிரால் இங்கே பிள்ளைகள் நீந்தக் கற்பதே அரிது. ஆகையால் வேறு இரண்டு ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். அலை உடையாமல், குளம் போல அமைதியாகத் தெரியும் ஒரு குறுகிய பகுதியைக் கடற்கரையில் பார்த்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் மீண்டும் கடலுக்குள் பாயும் வழி அதுவாக இருக்கலாம். அது இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல், மிதந்தபடி கையசைத்து உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலகலாம். மற்றொன்று, அந்தமானின் உவர்நீர் முதலைகள். 2010-இல் ஹேவ்லாக்கில் ஓர் அமெரிக்க இளம்பெண்ணை முதலை கொன்றது. சதுப்புக்காடுகளுக்கும் ஓடை வாய்களுக்கும் அருகே வைத்திருக்கும் முதலை எச்சரிக்கைப் பலகையைக் காட்டி, ‘அது சும்மா வெச்சிருக்காங்க’ என்று எங்கள் வண்டி ஓட்டுநர் சொன்னார். முதுமலைக்குள் யானை எச்சரிக்கைப் பலகை அருகே காரை நிறுத்திப் படம் எடுக்கும் வெளியூர்க்காரர்களைப் பார்த்து நாம் பதறுகிறோமே, அதே பதற்றம் அங்கே நமக்கும் வேண்டும்.

பேக்கேஜ் தாளில் ‘ஆதிவாசிகளைக் காணலாம்’ என்று ஒரு வரி இருந்தது. ஜாரவா மக்கள் வாழும் காப்புப் பகுதி வழியாகப் பாராடாங் தீவுக்குச் செல்லும் சாலையைத்தான் அப்படி விற்கிறார்கள். அந்தச் சாலையில் வண்டியை நிறுத்துவதும், அம்மக்களைப் படமெடுப்பதும், உணவு கொடுப்பதும் 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் வரும் குற்றங்கள். சிக்கினால் படமெடுத்த நாம் சிறைக்குப் போக நேரிடலாம். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளுக்குள் அனுமதியின்றி நுழையும் சுற்றுலா வண்டிகளைக் கண்டு மனம் நொந்த ஊர் நம்முடையது. அந்த வரியைப் பார்த்ததும் எனக்குக் கூசியது.

பருவநிலையையும் ஏஜென்ட் சொல்லமாட்டார். மே மாத இறுதியிலிருந்து மழைக்காலம். ஆண்டின் கடைசி மாதங்களில் புயல் சின்னங்கள். கடல் கொந்தளித்தால் கப்பல்கள் நிற்கும். 2016 டிசம்பரில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் சிக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைக் கடற்படைக் கப்பல்கள்தான் மீட்டு வந்தன. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரிலேயே தங்குங்கள்.

வெளிநாட்டுத் தீவு என்றால் தொல்லை வேறு வடிவில் வரும். தாய்லாந்துக் கடற்கரைகளில் வாடகைக்கு எடுத்த ஜெட் ஸ்கீயில் பழைய கீறலைக் காட்டி இழப்பீடு பிடுங்குவது பலரும் அனுபவித்த மோசடி. எடுக்கும் முன் எல்லாப் பக்கமும் வீடியோ எடுங்கள், பாஸ்போர்ட்டை எந்தக் கடையிலும் அடகாகக் கொடுக்காதீர்கள். பாலியில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டுமானால் இங்கேயே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். டைவிங்குக்குக் காப்பீடு உண்டா என்பதையும் பாலிசியில் படித்துப் பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் முன் விடுதியின் பெயர், கப்பலின் பெயரும் நேரமும், டைவிங் நடத்தும் கடையின் பெயர் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். ‘இணையானது’ என்ற சொல் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு விடுதிக்கும் டைவிங் கடைக்கும் நீங்களே தொலைபேசியில் பேசி, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா, ஒரு பயிற்றுநர் எத்தனை பேரை அழைத்துச் செல்வார் என்று கேளுங்கள். சளி இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘தேதியை மாற்றித் தருவோம்’ என்று சொல்லும் கடை நல்ல கடை. நிறுவனத்தின் கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்பி, ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீது வாங்குங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும், பொதுவான அவசரத்துக்கு 112-ஐயும் கைபேசியில் சேமித்து வையுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பேசாமல் இருந்துவிட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறு அந்தமானில் நடந்திருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நீலகிரிக்காரர்கள் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகினால் போதும். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் புகாரில் பேக்கேஜ் தாள், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், கைப்பணத்தில் எடுத்த கப்பல் சீட்டு, மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றோடு, ஒரே டிக்குகள் கொண்ட அந்த இரண்டு தாள்களின் கைபேசிப் படத்தையும் அடுத்தடுத்து வைத்து இணைத்திருக்கிறோம்.